கதவில் ஒரு மலர்வளையம்

கப்பலேறி லண்டனுக்கு மகனைப் பார்க்க வந்திருந்த விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி நாகையா, டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி காலையில் ஜன்னலைத் திறந்து திகைத்துப்போனார்.

"ஏலே சங்கையா, தெருவுல ஈ காக்காயக் காணோமே!"

"இன்னிக்கு எல்லாக் கடையும் அடைப்புப்பா" என்றான் மகன், குளியலறைக்குள்ளிருந்து.

விருதுநகரில் பெரிய மனிதர் யாராவது செத்தால்தான் பஜாரையே அடைப்பார்கள். நாகையா எட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டுக் கதவில் மலர்வளையம் தொங்கியது.

சங்கையா குளித்துவிட்டு வந்தபோது அப்பாவைக் காணோம். அடுத்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு எதிரே, துண்டால் வாயைப் பொத்தியபடி அப்பா உட்கார்ந்திருந்தார். கிழவி விம்மிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்கப்பா! இன்னிக்குக் கிறிஸ்துமஸ். கதவுல வளையம் கட்டுறது இவுக வளக்கம்."

பதறிப்போய்க் கிழவியிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: "மன்னிக்க வேண்டும். சாவு வீடு என்று நினைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி துட்டி கேட்க வந்துவிட்டார்."

"சாவு வீடுதான்" என்றாள் கிழவி. "என் கணவர் இறந்து மூன்று மாதமாகிறது. விசாரிக்க வந்த முதல் ஆள் இவர்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் யார்?"

அந்த வீட்டுச் சுவருக்கு மறுபக்கம் சங்கையா குடிவந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.