படகு பார்த்த திசை

"அடியில முழுகிக் கிடக்கிற ஊர் பேர் தெரியாத படகுக்காக இந்தக் குளிர்ல முங்கணுமா?" என்று எண்டெல் சலித்துக்கொண்டார். மகள் மாரெட் சிரித்தபடி காற்று உருளையை மாட்டிக்கொண்டு, கலங்கிய பால்டிக் கடலுக்குள் இறங்கினாள்.

அரை மணியில் உதடு நீலம் பாரிக்க மேலே வந்தாள்.

"அப்பா, பாசி மூடின பெயர்த் தகட்டைத் தடவித்தான் படிச்சேன். ஹெல்மி. தாத்தாவோட படகு."

"போர்ல அம்மாவையும் எங்க மூணு பேரையும் விட்டுட்டு ஸ்வீடனுக்கு ஓடினாரே, அதுவா? அப்போ போய்ச் சேரவே இல்லையா?"

"சேர்ந்திருக்கார்ப்பா. படகோட முகம் நம்ம கரையைப் பார்த்து இருக்கு. உள்ளே ஸ்வீடன் முத்திரை போட்ட மிதவைச் சட்டை நாலு கட்டி வச்சிருக்கு. மூணு சின்னப் பிள்ளைங்க அளவு."

எண்டெல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அம்மாவின் கல்லறையில் அப்பாவின் பெயரைப் பொறிக்கவிடாமல் சண்டை போட்டவர் அவர்தான்.