நாலாம் மாடிக்கு ஒரு ஏணி

“இந்த ஏணியில ஏறினா நான் பரணுக்குப் போகமாட்டேன் உஸ்தா, நேரா என் புருஷன்கிட்டதான் போவேன்.”

நாலாம் மாடியில் தவ்லத் போட்ட சத்தத்துக்குக் கீழே டிராமுக்கு நின்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் புருஷன் இறந்து ஆறு வருடம்.

“நாப்பது வருஷமா ஏணி செய்யறேன் அம்மணி. ஒருத்தரும் விழுந்தேன்னு சொன்னதில்ல,” என்றார் தச்சர் உஸ்தா பயூமி.

“விழுந்தவங்க எப்படி வந்து சொல்வாங்க?”

ஏணி வந்த வழியே இறங்கியது. அது மூன்றாவது. முதல் ஏணி கனம், தூக்கி நிறுத்தவே ஆள் வேண்டும் என்றாள். இரண்டாவது, கடையில் வாங்கிவந்த அலுமினிய மடக்கு ஏணி, ஆடுகிறது என்றாள். இதில் படிகள் குறுகலாம், செருப்போடு ஏற முடியாதாம். பரணுக்கு யார் செருப்போடு ஏறுவார்கள் என்று கேட்டதற்குத்தான் இந்தச் சண்டை.

தவ்லத்தின் அண்ணன் ஹாஜி மித்வல்லிக்கு டான்டாவில் கடலைக் கடை, ஐந்து பிள்ளைகள். விதவைத் தங்கை அலெக்ஸாண்ட்ரியாவில் தனியாக இருப்பது கௌரவக் குறைச்சல் என்று அவளைக் கூட்டிப்போக ஒற்றைக்காலில் நின்றார். அவள் மறுக்கவில்லை. “குளியலறைக்கு மேல பரண்ல அவரோட சாமான் இருக்கு அண்ணே. வேற கை படக்கூடாது. எனக்குத் தோதா ஒரு ஏணி அமையட்டும், இறக்கிட்டு வந்துடறேன்,” என்று போனில் சொல்லிவிட்டாள்.

ஏணி அமைந்தால் டான்டா, அமையாதவரை இங்கே. எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் இது புரிந்தது. புரியாமல் மரம் இழைத்துக்கொண்டிருந்தவர் பயூமி மட்டும்தான். பாவம், மனைவியை இழந்தவர்.

அளவாவது ஒழுங்காக எடுத்தாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு தடவை இரண்டு மீட்டர் நாற்பது என்பார், அடுத்த தடவை இரண்டு அறுபத்தைந்து. “அந்தப் பரண் என்ன ரொட்டி மாவா உஸ்தா, பொங்கிப் பொங்கி அமுங்க?” என்று வாயில்காவலர் சாபிர் கேட்டேவிட்டார். பயூமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “பழைய கட்டடம்,” என்றார்.

அந்நிய ஆண் வருகிறார் என்று தவ்லத் நாற்காலியை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்தே வைப்பாள். வைத்து என்ன, நடை திரும்பிப் போகிற வீடு, வாசலில் நின்றால் உள்ளே ஒன்றும் தெரியாது. உப்புக் கேட்டு வாசலில் நின்ற எனக்குத் திட்டுதான் கேட்டது. அப்புறம் காப்பி மணம். நாலு மாடி சுமந்து வந்தவருக்கு ஒரு வாய் காப்பி கொடுப்பதில் என்ன தப்பு.

ஐந்தாவது ஏணி வந்த அன்று ஹாஜியும் வந்து நின்றார். பொறுமை போய்விட்டது. “எந்த ஏணியா இருந்தா என்ன, நானே ஏறி இறக்கறேன்,” என்று மூச்சு வாங்கியபடி குளியலறைப் பக்கம் நடந்தார்.

பயூமி ஏணியைக் குறுக்கே போட்டார். “நில்லுங்க ஹாஜி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

கேட்டார். ஹாஜி ஏணிமேலேயே உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாராம். இத்தனை திட்டு வாங்கியும் நாலு மாடி ஏறி வருகிறவன் வேறு எங்கே கிடைப்பான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பெருநாள் கழித்துக் கல்யாணம். தவ்லத் முஹர்ரம் பே வட்டாரத்தில் அவருடைய தச்சுப் பட்டறைக்கு மேலே இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏணி கேட்டவளுக்குத் தச்சரே கிடைத்தார் என்று ஒரு வாரம் சிரித்தோம்.

தவ்லத் காலி செய்த வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் நேற்று என் கதவைத் தட்டினாள். “அக்கா, எல்லார் வீட்லயும் குளியலறைக்கு மேல பரண் இருக்கே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?”

வீட்டுக்காரரைக் கேட்டேன். குழாய் வெடித்ததில் அதை இடித்துப் பூசிவிட்டாராம், தவ்லத் குடிவருவதற்கும் முந்தைய வருடம்.