சிவப்புப் பென்சில்

மகளின் பெயரை மட்டும் எழுதினாள். எழில்.

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. அவள் முகம் இன்னும் நினைவில் இருந்தது. முன்பல் இரண்டும் விழுந்த ஏழு வயது முகம். பெயரோடு நின்றால் பாதகமில்லை போலிருக்கிறது.

மூன்று புத்தகம் போட்டவள் அவள். எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி. எதற்காக எழுதுகிறீர்கள்?

மறந்துவிடாமல் இருக்கத்தான் என்பாள். கைதட்டுவார்கள்.

பச்சைப் பொய்.

அம்மாவைப் பற்றி எழுதி முடித்த மறுநாள் அம்மாவின் குரல் நினைவிலிருந்து போயிற்று. நெய்வேலிக்கு வந்த புதிதில் குடியிருந்த வீட்டை எழுதினாள். அதன் வாசல் எந்தப் பக்கம் என்பது போயிற்று. இப்போது அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் புத்தகத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்ட வேண்டும். அங்கே யாரோ ஒரு பெண் புளி கரைத்துக்கொண்டிருப்பாள்.

எழுதியது தாளில் நின்றது. அவளிடம் நிற்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அதனால்தான் மகளைத் தொடவே இல்லை. காய்ச்சலில் போன பிள்ளை. மூன்று வருடமாக எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த இடம் வந்ததும் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடுவாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்த நினைப்பு ஒன்றுதான்.

இன்று காலை அவள் கணவர் தனசேகர் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர சாப்பிடவில்லை.

“எனக்கு அவ முகம் நழுவிக்கிட்டே போகுது. போட்டோவுல இருக்கறது வேற யாரோ மாதிரி இருக்கு. நீ எழுதேன். எழுதிட்டா இருக்கும்ல.”

முடியாது என்று எப்படிச் சொல்வது? அவருக்கும் அது மகள்தானே.

எழுதத் தொடங்கினாள்.

முதல் பத்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று எழுதினாள்.

பிறகு நிற்கவில்லை.

மதியத்துக்குள் ஒன்பது பக்கம். பேனாவை மூடினாள். அழப்போகிறோம் என்று எண்ணி முந்தானையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அழுகை வரவில்லை. பசித்தது.

எழுதுவது ஒரு நாள், வெட்டுவது மறுநாள். அது அவள் வழக்கம். அவளுடைய சிவப்புப் பென்சிலுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. எந்த வரி வாசகரைப் பார்த்துப் பல்லிளிக்கிறதோ அது முதலில் போகும்.

மறுநாள் காலை படித்தாள். நன்றாகவே வந்திருந்தது. அந்தக் குழந்தையைப் பிடித்திருந்தது.

ஐந்தாம் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் உறுத்தியது. மழை வந்தால் குழந்தை செருப்பைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வருகிறது. நனைந்தால் செருப்புக்குச் சளி பிடித்துவிடுமாம்.

கண்ணீருக்கு அலைகிற எழுத்து என்று முகம் சுளித்தாள். நான்கு வரியையும் அடித்தாள். ஓரத்தில் ஒரு சொல் எழுதினாள். செயற்கை.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த தனசேகர் டீயைக் கூடத் தொடாமல் படித்தார். இரண்டாம் பக்கத்தில் சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாம் பக்கத்தில் நின்றார்.

“செருப்பை ஏன் அடிச்சிட்ட?”

“எந்தப் புள்ள அப்படிப் பண்ணும்? நம்புற மாதிரி இல்லீங்க.”

அவர் அவளையே பார்த்தார். விளையாடுகிறாளா என்று பார்த்தார்.

அவள் விளையாடவில்லை.

வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு இருந்தது. மூன்று வருடமாக அதை யாரும் நகர்த்தியதில்லை. குனிந்து எடுத்தார். தூசியைக் கையால் துடைத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

அவள் கதவருகே நின்று பார்த்தாள். பாவமாக இருந்தது. இந்த மனுஷன் எதற்காக இப்படி அழுகிறார் என்று விளங்கவில்லை.

ஆனால் காட்சி நன்றாக இருந்தது.

மேசைக்குத் திரும்பினாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

மேலே அவர் பெயரை எழுதினாள்.