எஃப் ஒன்பதின் முதல் வேலை

கீபோர்டின் மேல்வரிசையில் எஃப் ஒன்பது என்ற விசை வேலையே இல்லாமல் தூசி படிந்து கிடந்தது. அடுத்த வரிசையில் இருந்த பேக்ஸ்பேஸுக்கோ மூச்சுவிட நேரமில்லை. பூவிழி தினமும் கறுப்புத் திரையில் ஒரு நீளமான கட்டளையை அடிப்பாள், பாதியில் தப்பாகும், அழித்துவிட்டு மறுபடி அடிப்பாள்.

"உன்னையெல்லாம் எதுக்குத்தான் வச்சிருக்காங்களோ!" என்று பேக்ஸ்பேஸ் எரிந்து விழுந்தது.

ஒருநாள் பூவிழிக்கு அலுத்துப்போனது. எஃப் ஒன்பதைத் தட்டினால் முழுக் கட்டளையும் வரவேண்டும் என்று, அந்தக் கறுப்புத் திரையில் கட்டளைகளை வாங்கும் ஷெல் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதிச் சேமித்தாள். ஆசையாகத் தட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு நெளிகோடு மட்டும் விழுந்தது.

"பாரு, இதையும் நான்தான் அழிக்கணும்!" என்றது பேக்ஸ்பேஸ்.

"எனக்கு இதெல்லாம் வராது போலிருக்கு" என்று எஃப் ஒன்பது குன்றிப்போனது.

பூவிழி தலையில் தட்டிக்கொண்டாள். "ஏற்கெனவே திறந்திருக்கிற ஷெல்லுக்குப் புது அமைப்பு எப்படித் தெரியும்?" அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தாள். மறுபடி தட்டினாள். கட்டளை ஒரு பிழையும் இல்லாமல் முழுசாக வந்து நின்றது.

பேக்ஸ்பேஸ் வெகுநேரம் அழிக்க எதுவுமில்லாமல் சும்மா இருந்தது. அப்படி இருப்பது அதற்குப் புதிது. பிறகு எஃப் ஒன்பதிடம் தணிந்த குரலில் கேட்டது:

"நாளைக்கும் நீதானே?"