இன்றைக்கு ஒரு குப்பி

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தார் அவர். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது.

“வீட்ல சண்டையா சார்?”

“அதெல்லாம் இல்லம்மா” என்றபடி கையுறையை மாட்டினார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஊமைக்கோட்டான் என்று முதுகுக்குப் பின்னால் பெயர்.

அங்கே தயாராவது புற்றுநோய் மருந்து. கண்ணுக்குத் தெரியாத பாலிமர் துகளுக்குள் அடைத்து ஊசியில் ஏற்றினால் கட்டியில் போய்த்தான் அவிழும். துகள் உடம்போடு கரைந்துவிடும். சோதனையில் இருந்தவர்கள் இரண்டே பேர், நாலாம் நம்பரும் ஏழாம் நம்பரும். ஆய்வகத்துக்குப் பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

மருந்தை அன்றன்றைக்குச் செய்ய வேண்டும், வைத்திருந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். அந்தப் பக்குவம் அவர் கைக்குத்தான் வரும்.

சுழலும் தண்ணீரில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் பால் போல வெளுத்தது. பக்கத்தில் எடுத்து வைத்திருந்தது ஒரே ஒரு குப்பி.

“சார், ரெண்டு பேராச்சே?”

“இன்னிக்கு ஒண்ணு போதும்மா.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு ஊசி விட்டுப்போனாலும் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்று பாடம் எடுத்தவரே இவர்தான். வீட்டுக் கோபத்தை நோயாளி மேலா காட்டுவது?

“ஏழாம் நம்பருக்காகவும் வீட்ல யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல சார்?”

“இருப்பாங்கம்மா.”

அவர் கண் சொட்டை விட்டு நகரவில்லை. இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அவளுக்கு வெறுத்துப்போனது.

போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். வார்டு நர்ஸ். ஏழாம் நம்பர் விடியற்காலையில் தவறிவிட்டாராம், நாலாம் நம்பருக்கு மட்டும் சீக்கிரம் அனுப்பச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். “உங்களுக்கு எப்படி சார் முன்னாடியே தெரியும்?”

அவர் குப்பியை மூடி, ஈரம் துடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அவளிடம் நீட்டினார்.

“இதை நீ கொண்டுபோய்க் குடுத்துடும்மா. என் சம்சாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பாங்க.”