எங்கே அடைப்பு?

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

மேலாளர், மூடியிருந்த தன் லேப்டாப் மேல் டீ கப்பை டக்கென்று வைத்தார். எதிரே நின்ற டெலிபோன் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

அது ஆம்புலன்ஸ் அழைப்பு மையம். போனில் கேட்கும் விலாசத்தை ஸ்கிரீனில் தட்டினால், பக்கத்தில் இருக்கும் வண்டிக்குத் தகவல் போகும். சொந்த மொபைலைத் தொடவே கூடாது. நேற்று யாரோ நெஞ்சுவலி என்று கதறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா கையில் மொபைல். மேலாளர் தன் அறைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டார்.

"ஒரு உசுரு ஊசலாடுது. உனக்கு அரட்டை கேக்குதா?"

"அரட்டை இல்ல சார். ஸ்கிரீன் நின்னுபோச்சு. அதான் டிரைவர் அண்ணனுக்கு நானே போன் பண்ணி விலாசம் சொன்னேன்."

"மத்தவங்க யாரும் சொல்லலையே?"

"எல்லாருக்கும்தான் நின்னுச்சு. உங்ககிட்ட சொல்லப் பயம் சார்."

"கதை விடாதே! கூப்பிடுங்க அந்தப் பாதாளத்தை!"

பாதாளம் என்பது நெட்வொர்க் இன்ஜினியரின் பட்டப்பெயர். சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அடியாழத்தில், கர்னல் என்று ஒன்று இருக்கிறதே, அதிலேயே குடியிருப்பவன். மூக்குமேல் கோபம். விஷயத்தைக் கேட்டதும் அக்கா மேல்தான் பாய்ந்தான்.

"குழாயில தண்ணி வரலைன்னாலும் நெட்வொர்க்குதான் காரணமா? ஏன்க்கா, மாட்டிக்கிட்டா எங்க தலையில போட்டுடறதா?"

"அப்படிக் கேளு!" மேலாளருக்குப் பரம சந்தோஷம்.

"இந்தப் பழிக்காகவே போன வாரம் ஒரு மீட்டர் மாட்டியிருக்கேன் சார். ஒருத்தருக்கு அனுப்புற தகவலை, அவர் வாங்கிக்கற வரைக்கும் கர்னல் மெமரியில பிடிச்சு வெச்சிருக்கும். அவர் வாங்காம விட்டா குவியும். அளவு மீறினா, ஒரு தப்பும் பண்ணாதவங்க லைனையும் சேர்த்து இழுத்துப் பிடிச்சிடும். யாருக்காக எவ்வளவு தேங்கியிருக்குன்னு மீட்டர் காட்டிடும். பாருங்க, சுத்தமா இருக்கும்."

தன் லேப்டாப்பைத் திறந்தான்.

சிவப்புக் கோடு விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதே நேரம் வெளியே ஹாலில், "ஐயோ, மறுபடியும் நின்னுடுச்சு!" என்று குரல்கள் எழுந்தன.

"அக்கா, தப்பா பேசிட்டேன். மன்னிச்சிடுங்க," என்றான்.

மேலாளர் மேசையில் ஓங்கித் தட்டினார். "எந்தக் கழுதை பண்ணின வேலை இது? ஒருத்தன் வாங்காம விட்டதுக்கு ஊருக்கே அடைப்பா? கண்டுபிடி! எவனா இருந்தாலும் சரி, இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

பாதாளம் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"யாரோ ஒரு மெஷின்ல மேசைக்கு ஒரு விண்டோ திறந்து வெச்சிருக்காங்க சார். யார் என்ன பண்றாங்கன்னு சர்வர் நொடிக்கு நொடி படம் எடுத்து அதுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு. வாங்க வேண்டிய மெஷின்தான் தூங்குது."

"படமா?" மேலாளரின் குரல் இறங்கியது. "அது... இவங்கல்லாம் ஏமாத்தாம வேலை பாக்கறாங்களான்னு நான்தான்..."

பாதாளம் எழுந்தான். மேலாளரின் லேப்டாப் மேல் இருந்த டீ கப்பை எடுத்துத் தள்ளி வைத்தான். மூடியைத் திறந்தான். விண்டோக்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. ஹாலில் கீபோர்டுகள் மறுபடி தடதடத்தன.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி சரி, நீ உன் சீட்டுக்குப் போம்மா. நாளைக்கு வழக்கம்போல வந்துடு. ஆமா, அந்த நெஞ்சுவலிக்காரர் என்ன ஆனார்?"

"பொழைச்சுக்கிட்டார் சார்," என்றாள் அக்கா. "இப்பவாவது கேட்டீங்களே."

அக்கா போன பிறகும் பாதாளத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திறந்த லேப்டாப்பை மேலாளர் பக்கம் திருப்பினான்.

"அக்கா ஏமாத்தறாங்களான்னு பாக்கத்தானே சார் இத்தனையும் திறந்து வெச்சீங்க? நேத்து ஒரு தடவை இந்த மூடியைத் திறந்து நிஜமாவே பாத்திருந்தா, அவங்க ஸ்கிரீன் நின்னே இருக்காது."