அறைக்குள் ஆண் குரல்

மகள் அறையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. கதவு வேறு சாத்தியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

அவளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர்தான் படித்துக் காட்டும். ஆனால் அது பெண் குரல். கொஞ்ச நாளாக லினக்ஸ் என்கிற இலவசக் கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்குப் பேக்கேஜ் கட்டப் பழகுகிறாள். மென்பொருளை எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி மூட்டை கட்டுகிற வேலையாம். சொல்லிக்கொடுக்கிற சாக்கில் எவனோ உள்ளே நுழைந்துவிட்டான்!

கதவை உதைத்துத் திறந்தேன். "எவன்டி அவன்?"

"யாருமில்லப்பா. நான் கட்டின பேக்கேஜ் இப்பதான் வேலை செய்யுது."

"நான் என்ன செவிடனா? சண்டைக்கு வர்றவன் மாதிரி கரகரன்னு ஒரு குரல்! இவனோட எவளாலயாவது ஒரு நாள் குடும்பம் நடத்த முடியுமா? உன் படிப்பு இன்னியோட முடிஞ்சுது!"

கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கக் குனிந்தேன். அவள் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். "நிறுவல் முடிந்தது" என்று அதே குரல் கம்ப்யூட்டரிலிருந்து அதட்டியது.

"யாருடா நீ?" என்று கத்தினேன்.

"நீங்கதான்பா அது. தினமும் எனக்கு எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்கிறீங்கள்ல? அதைப் பதிவு பண்ணித்தான் இந்தக் குரலைச் செஞ்சேன். என்னை மாதிரி இருக்கறவங்க இனிமே காசில்லாம எடுத்துக்கலாம்."

"யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"உங்களைத்தான். 'என்னமோ பண்ணித் தொலை'ன்னீங்க."

"பொய்! நான் இப்படியா பேசறேன்?"

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஒரு நாள் என்ன, கல்யாணம் ஆனதுலேருந்து இந்தக் குரலோடதான் நான் குடும்பம் நடத்தறேன்."